அப்பாவின் மாலை ஆறு மணியும் அண்ணனின் புது மாத்திரையும்

வடசென்னையிலிருந்து ஒரு பெண் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தைக்கு வயது 67. ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எட்டு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். 250 மில்லிகிராம் லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையைக் காலை 8, மதியம் 2, இரவு 9 என்று மூன்று வேளை சாப்பிடுகிறார். முதல் ஐந்து ஆண்டுகள் பெரிய தொல்லை இல்லாமல் போய்விட்டன. இப்போது காலை ஒன்பதரை மணிக்குமேல் உடம்பு காற்றில் ஆடும் முருங்கைக் கிளைபோல வளைந்து நெளிகிறது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் மருந்தின் வேகம் இறங்கிவிடுகிறது. குளியலறை வாசலில் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு மணி மாத்திரைக்குப் பிறகு எழுந்து நடமாடுகிறார், மாலை ஆறு மணிக்கு மறுபடியும் அதே கதை.

தெருக்கோடியில் இருக்கும் கேரம் கிளப்தான் அவருடைய உலகம். ஐந்து மணிக்குப் போய் ஏழரைக்குத் திரும்புவது முப்பது ஆண்டுப் பழக்கம். ஆறு மணிக்கு ஸ்ட்ரைக்கரை விரல் தள்ள மறுப்பதால் மூன்று மாதமாகப் போவதில்லை. ‘மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது, இப்போதே தீர்த்துவிட்டால் பிற்காலத்துக்கு என்ன செய்வது?’ என்று மதிய வேளையைச் சில நாள் விட்டும்விடுகிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன், தூங்கும்முன் ஒரே ஒரு முறை போடும் ஓபிகபோன் என்ற புது மாத்திரையைப் பற்றிப் படித்துவிட்டு, ‘நான் வாங்கி அனுப்புகிறேன்’ என்கிறார். பெரியம்மா நாட்டு மருந்துக் கடையிலிருந்து பூனைக்காலிப் பொடி வாங்கித் தந்திருக்கிறார். மூளையில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு வயது கடந்துவிட்டதா என்றும் கேட்டிருக்கிறார் மகள்.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தோடு அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதி அனுப்பியதற்கு நன்றி. பலரும் ‘நரம்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை’ என்று முடித்துவிடுவார்கள். நீங்கள் வாயு மாத்திரையைக்கூட விடவில்லை. அந்தக் கடைசி வரியில்தான் என் கண் நின்றது. அதற்குச் சற்று நேரத்தில் வருகிறேன்.

மருந்து பழகிவிட்டதா?

இல்லை. அப்பாவின் இந்த அச்சத்தை முதலில் தீர்க்க வேண்டும், ஏனென்றால் இதனால்தான் அவர் மதிய வேளையைத் தவிர்க்கிறார். நீங்கள் சென்னைக்காரர் என்பதால் தண்ணீர் லாரியை வைத்தே சொல்கிறேன். வீட்டில் பெரிய தொட்டி இருந்தால் லாரி எப்போது வந்தாலும் கவலையில்லை. ஊற்றியதைச் சேர்த்து வைத்து நாள் முழுவதும் குழாயைத் திறக்கலாம். நோயின் தொடக்க ஆண்டுகளில் மூளை அப்படித்தான் இருக்கிறது. லெவோடோபாவை வாங்கி, உடல் அசைவுக்குத் தேவையான டோபமினாக மாற்றிச் சேமித்து, தேவைக்கு ஏற்ப விடுகிறது. அந்தச் சேமிப்பைச் செய்யும் நரம்பணுக்கள் ஆண்டுக்காண்டு குறைகின்றன. தொட்டி சிறுத்து, கடைசியில் இரண்டு குடம்தான் மிஞ்சுகிறது. அப்புறம் லாரி தெருவில் நிற்கும்வரைதான் தண்ணீர். ரத்தத்தில் லெவோடோபாவின் அளவு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆறு, ஏழு மணி நேரத்துக்கு ஒரு லாரி என்றால் நடுவில் குழாயில் காற்றுதான் வரும்.

லாரி பழைய லாரிதான், தண்ணீரும் அதே தண்ணீர்தான். மருந்தை முன்கூட்டியே தொடங்கியதால் அது தீர்ந்துபோகிறது என்ற எண்ணம் மருத்துவர்களிடமே நெடுநாள் இருந்தது. மருந்து கிடைக்காமல் பல ஆண்டு தாமதமாகவே லெவோடோபா தொடங்கிய கானா நாட்டு நோயாளிகளையும், சீக்கிரமே தொடங்கிய இத்தாலி நோயாளிகளையும் ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. இந்த ஏற்ற இறக்கங்கள் இரு நாட்டிலும் நோய் தொடங்கி ஏறக்குறைய அதே காலத்தில்தான் வந்தன. மருந்தை எத்தனை ஆண்டு சாப்பிட்டார்கள் என்பது கணக்கில் வரவில்லை. நோயின் வயதும் ஒரு நாளில் சாப்பிடும் அளவும்தான் வந்தன. ஆகவே அப்பா மதிய மாத்திரையைச் சேமித்து வைப்பதால் அவருக்குக் கிடைப்பது வீணாய்ப் போன ஒரு பிற்பகல் மட்டுமே. ஒரு எச்சரிக்கையும் உண்டு: சேமிப்பு ஆர்வத்தில் எல்லா வேளையையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவுத் தடுமாற்றம் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

காலையில் வருகிற அந்த நெளிவையும் நீங்கள் ‘நடுக்கம் முற்றிவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அது நடுக்கமாகத் தெரியவில்லை. மருந்து உச்சத்தில் இருக்கும்போது வரும் மிகை அசைவு, டிஸ்கைனீசியா என்போம். தொட்டி இல்லாத வீட்டில் லாரிக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டால் வாசலெல்லாம் வெள்ளம் அல்லவா, அதுபோல. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது கைப்பேசியில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். அறைக்குள் நுழையும் நேரத்தில் அசைவு நின்றுபோயிருக்கும். இது மருத்துவர்களான எங்கள் எல்லோருக்கும் நடக்கிற வேடிக்கை. இந்த வேறுபாடு முக்கியம். லெவோடோபாவின் வீச்சைக் கூட்டும் எந்த மாத்திரையைச் சேர்த்தாலும், ஓபிகபோன் உட்பட, இந்த நெளிவு அதிகமாகக்கூடும்.

கூட்டுவதற்கு முன் கழிக்க வேண்டியவை

இப்போது அந்தக் கடைசி வரி. ஓராண்டாக அப்பா காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடும் வாயு மாத்திரையில் பான்டோபிரசோலுடன் லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கிறது. பெயரில் ‘லெவோ’ இருப்பதால் லெவோடோபாவுக்கு உறவு என்று நினைத்துவிட வேண்டாம், பகையாளி. ஒரு கையால் டோபமினை ஊட்டுகிறோம், மறு கையால் டோபமின் போய் அமரும் இடத்தைப் பூட்டுகிறோம். நம் ஊரில் நெஞ்செரிச்சலுக்கும் ஏப்பத்துக்கும் இது தாராளமாக எழுதப்படுகிறது. பார்க்கின்சன் இல்லாதவருக்கே பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளை உண்டாக்கக்கூடியது. எழுதிக் கொடுத்த பக்கத்துத் தெரு மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் மற்ற மருந்துச் சீட்டை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். அமிலத்துக்கு வெறும் பான்டோபிரசோல் போதுமா என்று உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். நிறுத்திய மறுநாளே மாற்றம் தெரியாது, வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்கள். இதே பகையாளிக் கூட்டத்தில் வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃபுளுனரிசின் ஆகியவையும் உண்டு. ஒரு அட்டையில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள்.

அடுத்தது தட்டு. எட்டு மணி மாத்திரையை இட்லி, சாம்பார், வடையோடு சேர்த்துப் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். லெவோடோபா ஒரு அமினோ அமிலம். குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போகிற அதே வாசலில் பருப்பின் புரதமும் வரிசையில் நிற்கிறது. கூட்டத்தில் மாத்திரை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. சாப்பிடுவதற்கு அரை மணி முன்போ, சாப்பிட்டு ஒன்றரை மணி கழித்தோ போடலாம்; வயிற்றைப் புரட்டினால் ஒரு பிஸ்கட் போதும். பருப்பு, முட்டை, மீன் எதையும் விலக்க வேண்டாம், அவர் ஏற்கெனவே இளைத்திருக்கிறார். அவற்றின் பெரும்பங்கை இரவு உணவுக்கு நகர்த்தினால் பகல் பொழுது தேறும். இரும்புச்சத்து மாத்திரையும் பட்டியலில் இருக்கிறது. அது லெவோடோபாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்த நோயில் இரைப்பையும் குடலும் மெதுவாக நகர்கின்றன, மாத்திரை குடலை எட்டுவதே தாமதமாகிறது.

மூன்றாவது கடிகாரம். நான் உங்கள் மருத்துவர் இல்லை, நேரில் பார்க்காமல் அளவை மாற்றச் சொல்லும் உரிமையும் எனக்கில்லை. ஆனால் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘அண்ணன் சொன்ன மாத்திரையைச் சேர்க்கலாமா’ என்பதாக இருக்கக் கூடாது. ‘அதே 750 மில்லிகிராமை மூன்று பெரிய வேளைக்குப் பதில் நான்கு, ஐந்து சிறிய வேளையாகப் பிரிக்கலாமா’ என்று கேளுங்கள். உச்சம் தணிந்தால் காலை நெளிவு குறையும். இடைவெளி சுருங்கினால் பன்னிரண்டு மணியும் ஆறு மணியும் தப்பும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு அலாரம். எல்லோருக்கும் இதுவே போதும் என்று சொல்லவில்லை. வேளை ஆறு, ஏழு என்று ஆகும்போது மனிதனுக்கு அலுத்துவிடும், அப்போதுதான் துணை மாத்திரைகளின் வேலை தொடங்குகிறது.

பெரியம்மாவின் பூனைக்காலியை நான் ஏளனம் செய்யமாட்டேன். அதன் விதையில் இருப்பது உண்மையிலேயே லெவோடோபாதான். சிக்கலும் அதுதான்! ஒரு கரண்டியில் எவ்வளவு என்று கடைக்காரருக்கும் தெரியாது, லெவோடோபா வழியிலேயே சிதையாமல் காக்கும் கார்பிடோபாவும் அதில் இல்லை. நெளிவு அதிகமான நாட்கள் பொடி சாப்பிட்ட நாட்களாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

துணை மாத்திரைகள் உண்மையில் தருவது என்ன

இவற்றை மந்திரம்போல நினைத்துக்கொண்டு வருபவர்களே அதிகம் என்பதால் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓபிகபோன் பற்றி 2016இல் வெளியான பெரிய ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்கு மருந்து இறங்கிக் கிடக்கும் நேரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது. ஒப்பீட்டுக்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய ஒரு மணி குறைந்தது. வித்தியாசம் ஒரு மணி நேரம். மற்றத் துணை மாத்திரைகளும் பெரும்பாலும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணிக்குள்தான் தருகின்றன. உங்கள் கணக்குப்படி அப்பா ஐந்தாறு மணி நேரம் முடங்கிக் கிடக்கிறார். அண்ணன் அனுப்பும் மாத்திரை அத்தனையையும் துடைத்துவிடாது. ஆனாலும் ஒரு மணி நேரம் அற்பமில்லை. ஆறிலிருந்து ஏழு என்றால் அது கேரம் கிளப்.

ஓபிகபோன், லெவோடோபாவை வழியிலேயே சிதைக்கும் காம்ட் என்ற நொதியைத் தடுக்கும் வகை. லாரி வரும் வழியில் குழாய் ஒழுகுவதை அடைக்கும் வேலை. பழைய என்டகபோனும் இதே குடும்பம்தான். அதை ஒவ்வொரு லெவோடோபா வேளையோடும் 200 மில்லிகிராம் போட வேண்டும், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். டோல்கபோன் கல்லீரலைப் பதம் பார்த்ததால் அதைத் தொடும்போது நாங்கள் கை நடுங்குவோம். ஓபிகபோனின் வசதி, இரவில் ஒரு முறை என்பது. ஐரோப்பாவில் 2016இலும் அமெரிக்காவில் 2020இலும் ஒப்புதல் பெற்றது. ஆனால் அதை லெவோடோபாவிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். ஒன்பது மணிக்கு லெவோடோபா போட்டுவிட்டு ஒன்பதரைக்குத் தூங்கும் உங்கள் அப்பாவுக்கு இதற்கே நேரம் மாற்ற வேண்டியிருக்கும்.

மாவோ-பி தடுப்பான்கள் மூளைக்குள் டோபமினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பவை, அதாவது வீட்டுக்குள் வந்த தண்ணீர் வீணாவதைக் குறைப்பவை. ரசாகிலின் பழையது, சஃபினமைடு புதியது. இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. உங்கள் பட்டியலில் மனச்சோர்வுக்கான எஸ்சிடாலோபிராம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் செரோட்டோனின் மிகையாகும் ஆபத்து அரிதாக உண்டு. மருத்துவர் கண்காணிப்பில் பலர் சாப்பிடுகிறார்கள், ஆனால் தானாகச் சேர்க்கும் விஷயம் இல்லை. டிராமடால் என்ற வலி மாத்திரையும், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் கலந்த இருமல் சிரப்பும் இந்த வகையோடு சேரவே கூடாது. மருந்துக் கடையில் ‘ஒரு இருமல் மருந்து குடுங்க’ என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை விட வேண்டியிருக்கும்.

பிராமிபெக்சால், ரோபினிரோல், தோலில் ஒட்டும் ரோடிகோடின் பட்டை ஆகியவை டோபமினைப்போல நடிப்பவை. போர் தண்ணீர் மாதிரி. குடத்தை நிரப்பும், உப்பும் இருக்கும். கால் வீக்கம், திடீர்த் தூக்கம், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது, அடக்க முடியாத ஆசைகள். என்னிடம் வந்த ஒரு கணக்காளர், கஞ்சத்தனத்துக்குப் பெயர் போனவர், ஆறு மாதத்தில் 11 கைக்கடிகாரங்கள் வாங்கிவிட்டார். மனைவி சொல்லித்தான் தெரிந்தது. சூதாட்டம், பாலியல் வேட்கை என்றும் இது வரும், வெட்கத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. வீட்டில் ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இஸ்ட்ராடெஃபிலின் வேறு வழியில் வருகிறது. டோபமினைத் தொடாமல் அடினோசின் என்ற எதிர்ச் சமிக்ஞையைத் தடுக்கிறது. ஜப்பான் 2013இல் ஏற்றுக்கொண்டது, அமெரிக்கா 2019இல் ஏற்றுக்கொண்டது, ஐரோப்பிய ஒழுங்காற்று அமைப்பு 2021இல் மறுத்துவிட்டது. ‘அமெரிக்காவில் வந்துவிட்டது’ என்பது முடிவான தீர்ப்பு இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நெளிவைக் குறைப்பதற்கென்று இருப்பது அமன்டடின். உங்கள் அப்பாவுக்கு எதைச் சேர்ப்பது என்ற பேச்சு வந்தால் அதன் பெயரும் மேசைக்கு வரும்; சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் தருவார்கள், மனக்குழப்பத்தையும் கவனிக்க வேண்டும்.

புதியது என்பதாலேயே மேலானதா? பிரிட்டனில் 500 நோயாளிகளைப் பல ஆண்டு தொடர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், நடமாட்டம் பற்றி நோயாளிகளே தந்த மதிப்பெண்ணில் மாவோ-பி வகை காம்ட் வகையை முந்தியது. அது ஓபிகபோன் வருவதற்கு முந்தைய காலம், ஆகவே நேரடி ஒப்பீடு ஆகாது. என்றாலும் விலை குறைந்த பழைய மாத்திரையைத் தாண்டிக் குதிப்பதற்கு முன் ஒரு முறை நின்று யோசிக்க வைக்கிறது.

அண்ணன் அனுப்பலாமா?

பாசத்தில் கேட்கிறார், புரிகிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து மருந்தைத் தபாலில் வரவழைப்பதற்குச் சட்டம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்காக இறக்குமதி செய்ய, மருத்துவர் எழுதிய சீட்டோடு 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அளவு நியாயமானதுதான் என்று அனுமதி தரும் அதிகாரிக்குத் தோன்ற வேண்டும். அனுமதி இல்லாத பொட்டலம் சுங்கத்தில் நின்றுவிடலாம். அதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு. மூன்று மாதம் சாப்பிட்டு உடம்பு அதற்கேற்ப அமைந்த பிறகு ஒரு பொட்டலம் வராமல் போனால் அப்பா என்ன செய்வார்? எந்தத் துணை மாத்திரையும் இங்கே தொடர்ந்து கிடைக்கும் என்று உறுதியான பிறகே தொடங்க வேண்டும். அண்ணன் அனுப்பிய செய்தியில் தோலுக்கடியில் 24 மணி நேரமும் மருந்து செலுத்தும் பம்ப் பற்றியும் இருக்கிறது. 2024 அக்டோபரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபோஸ்லெவோடோபாதான் அது. நல்ல முன்னேற்றம்தான், தோலில் கட்டியும் தொற்றும் வரக்கூடியது, பயிற்சி பெற்ற செவிலியர் பக்கத்தில் இல்லாமல் பெட்டியைப் பிரித்து மாட்டிக்கொள்ளும் பொருள் இல்லை.

அறுவை சிகிச்சைக்கு 67 வயது கடந்த வயது இல்லை. லெவோடோபா ஏறியிருக்கும்போது அப்பா நன்றாக நடக்கிறார் என்பதும், நினைவாற்றல் சரியாக இருக்கிறது என்பதும் சாதகமான குறிகள். வேளைகளைச் சீராக்கி, ஓரிரு துணை மாத்திரைகளையும் முறையாகப் பார்த்த பிறகும் முடக்கம் தொடர்ந்தால் மதிப்பீட்டுக்குப் போகலாம். எழுபதைத் தாண்டட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் இரண்டாவது கருத்துக் கேட்கலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சன் நோயும் இடம்பெற்றிருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் சட்டம் தரும் சலுகைகளுக்கு வழி திறக்கும். பழைய வரிமுறையில் இருப்பவர் என்றால் மூத்த குடிமகனுக்குச் செய்யும் சிகிச்சைச் செலவில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை வருமானத்தில் கழிக்கவும் அதே சான்று உதவும். கணக்காளரிடம் கேளுங்கள்.

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் மூன்று நாள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். அரை மணிக்கு ஒரு கட்டம்: தூக்கம், மருந்து இறங்கியது, நன்றாக இருக்கிறார், நன்றாக இருக்கிறார் ஆனால் நெளிவு தொல்லை தருகிறது. மாத்திரையும் சாப்பாடும் எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்த மூன்று நாளும் மதிய மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கணக்கே தப்பிவிடும். அண்ணன் ஏதாவது அனுப்பியே தீருவேன் என்றால், அதிர்ந்து நினைவூட்டும் மாத்திரைப் பெட்டி ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். அதற்குப் படிவம் வேண்டாம். நோட்டின் ஓரத்தில் ஒரு பத்தியை மட்டும் அப்பாவே எழுதட்டும், எழுத்து சிறுத்துப்போயிருந்தாலும் பரவாயில்லை: இன்று கிளப்புக்குப் போனேனா, எத்தனை ஆட்டம் ஆடினேன், எத்தனை மணிக்கு விரல் நின்றது.